அப்ரூவ்டு சாம்பிள்படி ஒரு பள்ளிக்கூடம்

1

இந்த ஜனவரியில் கூரியரில் எனக்கு ஒரு சுவர் வந்தது.

பொட்டலத்தைப் பிரித்தால் மூன்று துண்டுத் துணி. உள்ளங்கை அகலத்தில் பனியன் துணி, மூன்றும் மஞ்சள். வெள்ளை அட்டையில் வரிசையாக ஒட்டி, கீழே ஏ, பி, சி என்று எழுதி, "பள்ளிக்கூடச் செவுரு, மேடம் அப்ரூவலுக்கு" என்று ஒரு குறிப்பும் வைத்திருந்தார்கள். பொட்டலத்தின் மேல் 'சுவரின் நிறம்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்ததைக் கூரியர்காரர் ஒருமுறை படித்தார். அதைக் கையெழுத்துப் போட்டு வாங்கிய என்னை ஒருமுறை பார்த்தார்.

திருப்பூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்ற ஊர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஊரில் ஒரு பனியனுக்குச் சாயம் ஏற்றுவதற்கு முன்னால், ஆர்டர் கொடுத்து வாங்கும் வெளிநாட்டு பையருக்கு மூன்று சாயத் துண்டுகளை அனுப்பிவைப்பார்கள். அவர் ஒன்றைக் காட்டி 'அப்ரூவ்டு' என்று சொன்ன பிறகுதான் மொத்தத் துணியும் தொட்டியில் இறங்கும். சுவருக்கு வண்ணம் அடிக்கவும் எங்கள் ஆட்கள் அதே வழியைப் பிடித்துவிட்டார்கள். பெயிண்ட் கடையில் இதற்கென்று வண்ண அட்டை கிடைக்கும் என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை என்பதுதான் கொடுமை. துண்டுகளை ஜன்னலோரம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நெதர்லாந்தின் ஜனவரி வெளிச்சத்தில் மூன்றும் சாம்பல் நிறமாகத்தான் தெரிந்தன. 'பி அப்ரூவ்டு' என்று செய்தி அனுப்பினேன்.

என் மகள் நிலாவுக்குப் பதினாறு வயது. அட்டையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அம்மா, இது என்ன டிரெஸ்?"

"டிரெஸ் இல்லடா கண்ணு, சுவர்."

அவள் தன் அப்பாவிடம் டச்சு மொழியில் ஏதோ கேட்டாள். அவரும் டச்சு மொழியிலேயே பதில் சொன்னார். என்னைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவர்கள் இரண்டு பேரும் அந்த மொழிக்குப் போய்விடுவார்கள். எனக்கும் அந்த மொழி தெரியும் என்பதை ஏனோ மறந்துவிடுகிறார்கள்.

2

நான் இருக்கும் டில்பர்க் நகரமும் ஒரு காலத்தில் துணி ஆலை ஊர்தான். ஆலைகள் போய்விட்டன. கட்டடங்களை மட்டும் விடாமல் வைத்திருக்கிறார்கள். ரயில் பட்டறையாக இருந்த ஒரு பெரிய கொட்டகையை நூலகமாக மாற்றியிருக்கிறார்கள். சனிக்கிழமைகளில் அங்கே போய் உட்காருவேன். தலைக்கு மேலே பட்டறைக் காலத்து இரும்புச் சட்டங்கள், கீழே பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருப்பார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் வேலம்பாளையம் பக்கத்தில் பூட்டிக் கிடக்கும் எங்கள் ஓட்டுப் பள்ளிக்கூடம் ஞாபகத்துக்கு வரும்.

புதுக் கான்கிரீட் கட்டடம் வந்ததும் பழையதைப் பூட்டிவிட்டார்கள். உள்ளே கால் உடைந்த பெஞ்சுகளும் கரையானும் குடியிருந்தன. அதைப் பழுது பார்த்து ஊருக்குப் பயன்படும்படி செய்யலாம் என்று பழைய மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் நான் ஒரு நாள் எழுதினேன். கூடவே நூலகத்தின் படத்தையும் போட்டேன். பாரம்பரியம், சுண்ணாம்புப் பூச்சு, பழைய அமைப்பு மாறாமல் என்றெல்லாம் எழுதினேன். எல்லோரும் எமோஜியில் கைகூப்பினார்கள். சாந்தாமணி மட்டும் அடுத்த வாரமே சாவி வாங்கிவிட்டாள்.

சாந்தாமணி என்னோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவள். இன்று ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பகுதிக்கு இன்சார்ஜ். அவள் கண்ணுக்குத் தப்பி ஓர் ஊசி ஓட்டை கப்பல் ஏறாது. அவளுக்குப் பாரம்பரியத்தைப் பற்றிக் கவலை இல்லை. அவளுடைய கவலை ஒன்றரை ஷிப்ட்.

எங்கள் ஊரில் காலை எட்டரைக்கு உள்ளே போனால் மாலை ஐந்தரைக்கு ஒரு ஷிப்ட். ஆர்டர் அவசரமென்றால் இரவு எட்டரை வரை இன்னும் அரை ஷிப்ட். அவசரமில்லாத ஆர்டர் என்று ஒன்றை நான் இதுவரை பார்த்ததில்லை. பிழைக்க வந்த குடும்பங்களில் அப்பா, அம்மா இரண்டு பேரும் கம்பெனிக்குப் போய்விட, பிள்ளைகள் நாலு மணியிலிருந்து பூட்டின வீட்டு வாசலில் பையோடு உட்கார்ந்திருக்கும். அதுகளுக்கு ஓர் இடம் வேண்டும் என்பது சாந்தாமணியின் பல வருட ஆசை.

அனுமதி கேட்டு அரசாங்க அலுவலகத்துக்குப் போனபோதுதான் ஒரு செய்தி தெரிந்தது. காகிதத்தில் அந்தக் கட்டடம் ஏற்கெனவே இடிக்கப்பட்டுவிட்டதாம். இல்லாத கட்டடத்தை எப்படிப் பழுது பார்ப்பது என்று கேட்டிருக்கிறார்கள். சாந்தாமணி அதன் முன்னால் நின்று படம் எடுத்துக் கொண்டுபோய்க் காட்டினாள். "இப்ப இருக்குதுன்னு தெரிஞ்சு போச்சு, இனி இடிச்சுத்தான் ஆகோணும்" என்றார்களாம். கடைசியில் ஒரு பொறியாளர் மனமிரங்கினார். ஜூனில் பள்ளி திறப்பதற்கு முன்பு நேரில் வந்து பார்ப்பேன், பாதுகாப்பாகவும் பயன்பாட்டிலும் இருந்தால் விட்டுவிடுகிறேன், இல்லையென்றால் காகிதத்தில் இருப்பதை நிஜமாக்கிவிடுவேன் என்று சொல்லி அனுப்பினார்.

சிரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. இங்கே எங்கள் தெரு பாதுகாக்கப்பட்ட பழைய தெரு. வாசற்கதவுக்குப் பச்சை அடிக்க நகராட்சிக்கு எழுதிப்போட்டேன். எந்தப் பச்சை என்று கேட்டு ஒரு கடிதம் வந்தது. நான் பதில் எழுதி, அவர்கள் பதில் எழுதி, கதவு இன்னும் பழைய நிறத்திலேயே இருக்கிறது.

3

இங்கே ஒரு தொழில் ரகசியத்தைச் சொல்லியாக வேண்டும். திருமணமாகி இங்கே வருவதற்கு முன் நான் திருப்பூரில் மெர்ச்சண்டைசராக இருந்தேன். பையருக்கும் கம்பெனிக்கும் நடுவில் உட்கார்ந்து மின்னஞ்சல் அனுப்புகிற வேலை. அந்த வேலையின் முதல் பாடம், பையரிடம் பிரச்சினையைச் சொல்லக் கூடாது என்பது. சாயம் ஏறவில்லையா, தையல் ஆள் தீபாவளிக்குப் போனவர் திரும்பவில்லையா, எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான். எல்லாம் திட்டப்படி நடக்கிறது. சாந்தாமணி அப்போது அதே கம்பெனியில் செக்கிங்கில் இருந்தாள். பள்ளியில் 'புள்ள' என்று கூப்பிட்டவள் கம்பெனியில் 'மேடம்' என்றாள். நான் ஊரை விட்டு வந்தும் அந்த 'மேடம்' என்னை விடவில்லை.

ஆக, பள்ளிக்கூட வேலை தொடங்கிய நாளிலிருந்து எனக்கு வந்த செய்திகள் எல்லாம் ஒரே மாதிரி. "நல்லா போயிட்டிருக்குதுங்க மேடம்." "எல்லாம் ரெடிங்க மேடம்." "உங்களுக்கு எதுக்குங்க சிரமம், நாங்க பாத்துக்கறமுங்க." இங்கே நான் இணையக் கடையின் கிடங்கில், வாடிக்கையாளர் திருப்பி அனுப்பும் சட்டைகளைப் பிரித்துக் குறை கண்டுபிடிக்கும் வேலை பார்க்கிறேன். எங்கள் டச்சு மேற்பார்வையாளர் எதையும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். முதல் வருடம் கழிப்பறையில் போய் அழுதேன். இப்போது பழகிவிட்டது. பழகாமல் இருப்பது ஊரிலிருந்து வரும் 'எல்லாம் ரெடிங்க'தான். பத்து வருடம் நான் அனுப்பிய வாக்கியம் எனக்கே திரும்பி வருகிறது. அதைப் பிரித்துக் குறை கண்டுபிடிக்க வழியில்லை.

நானும் சளைத்தவள் இல்லை. படம் அனுப்பு, அளவு அனுப்பு, வாரம் ஒருமுறை நிலவரம் அனுப்பு என்று பையர்கள் என்னைப் படுத்திய பாட்டையெல்லாம் அவள்மேல் இறக்கினேன்.

பிப்ரவரியில் ஜன்னல் வந்தது. படமாகத்தான். அந்தக் காலத்து ஜன்னல், மேலே இரண்டு கதவு, கீழே இரண்டு கதவு, நடுவில் இரும்புக் கம்பிகள். மற்ற ஜன்னல்களையெல்லாம் கரையான் தின்றுவிட, மூன்றாம் வகுப்பறையின் ஜன்னல் ஒன்று மட்டும் முழுசாக மிஞ்சியிருந்தது. அதைக் கழற்றி, பக்கத்தில் அளவு நாடாவை வைத்து, "சாம்பிள் ஜன்னல், இதே மாதிரி மத்ததையும் போட்டறலாங்களா மேடம்?" என்று கேட்டிருந்தாள். நான் பேருந்தில் நின்றுகொண்டிருந்தேன். படத்தைப் பார்த்ததும் மூன்றாம் வகுப்பே கண்முன் வந்துவிட்டது. கண் கலங்கிப் போய், 'அப்ரூவ்டு, ஒரு நூல் மாறக் கூடாது, எல்லாம் ஒன்றுபோல இருக்க வேண்டும்' என்று அனுப்பினேன்.

அந்த ஜன்னலின் கீழ்க் கதவில், இடது மூலையில், ஒரு பூனை ஓட்டை இருந்தது.

எங்கள் காலத்தில் சத்துணவுப் பருப்பு மூட்டையை மூன்றாம் வகுப்பில்தான் வைப்பார்கள். எலி வந்தது. எலிக்காக டீச்சர் ஒரு பூனையைக் கொண்டுவந்தார். பூட்டின பிறகும் பூனை வந்து போக வேண்டுமே என்று கதவின் மூலையை அறுத்து ஓட்டை போட்டார்கள். கல்வி அதிகாரி ஆய்வுக்கு வந்த அன்று அந்தப் பூனை ஓட்டை வழியாக வந்து, பிடித்த எலியை அவர் செருப்பின் மேல் வைத்துவிட்டு உட்கார்ந்தது. அவர் காலை உதறிய உதறலில் செருப்பும் எலியும் எங்கள் வரிசைக்கு வந்தன. அன்று எங்களுக்கு அரை நாள் விடுமுறை.

அதனால் எனக்கு அது ஓட்டையாகவே தெரியவில்லை. ஜன்னல் என்றால் அப்படித்தான் இருக்கும்.

4

மே மாத விடுமுறையில் நிலாவைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போனேன். அவளுக்கு கிரேக்கத் தீவுக்குப் போக ஆசை. "கடல் இருக்குமா?" என்று கேட்டாள். நொய்யல் ஆறு இருக்கிறது என்றேன். கைப்பேசியில் தேடி, சாய நுரை மிதக்கும் படங்களைப் பார்த்துவிட்டு விமானம் ஏறும்வரை என்னோடு பேசவில்லை.

பள்ளிக்கூட வாசலில் சாந்தாமணி சந்தன நிறச் சேலையில் நின்றிருந்தாள். "வாங்க மேடம், வாங்க. பாப்பா, நல்லா இருக்கறயா கண்ணு?" கையில் இளநீர். குடித்து முடிப்பதற்குள் பொன்னாடை. பொன்னாடையைச் சரிசெய்வதற்குள் இன்னொரு இளநீர். எந்த அறையை முதலில் காட்டுவது, எந்தச் சுவருக்கு முன்னால் யார் நிற்பது என்று எல்லாம் திட்டம். இந்த வழியெல்லாம் நான் போட்டது. ஆய்வுக்கு வரும் பையரை இப்படித்தான் நான் கூட்டிப் போவேன். நல்ல பீஸ் மேலே, மற்றதெல்லாம் பெட்டிக்கு அடியில்.

நிலா என் காதருகே வந்தாள். "அம்மா, ஏன் இவங்க உன்னை டூரிஸ்ட் மாதிரி நடத்தறாங்க? இது உன் ஸ்கூல்தானே?"

எனக்குச் சுருக்கென்றது. இந்த ஊரில் பிறந்து, இந்தத் தெருவில் மூக்கு ஒழுக நடந்தவள், பொன்னாடையோடு நடுவில் நிற்கிறேன். ஒருவர்கூட என் பக்கத்தில் வந்து நிற்கவில்லை. முகத்தைத் திருப்பியபோதுதான் ஜன்னலைப் பார்த்தேன். புதுத் தேக்கு, அருமையான வேலை. இடது மூலையில் ஓட்டை. அடுத்த ஜன்னலிலும் ஓட்டை. அதற்கடுத்ததிலும். கட்டடத்தைச் சுற்றி ஓடினேன். எல்லா ஜன்னலிலும், கீழ்க் கதவில், இடது மூலையில், ஒரு நூல் மாறாமல் பூனை ஓட்டை.

மரவேலை செய்த அந்தோணி தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து பல வருடமாக இங்கே இருப்பவர். மனைவி டெய்லர். கூப்பிட்டுக் கேட்டேன்.

"யம்மா, நீங்கதான ஒரு நூல் மாறக் கூடாதுன்னு சொன்னீய? மூலச் சட்டத்த வச்சுக் கோடு கிழிச்சு வெட்டியிருக்கேன். ஒண்ணுல இருக்க வளைவு மத்ததுல இல்லன்னா என்னைக் கேளுங்க."

"இது எதுக்குன்னு ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா?"

"ஃபாரின் டிசைன்னு நெனச்சேம்மா."

சாந்தாமணியைப் பார்த்தேன். செக்கிங்கில் ஊசி ஓட்டையைப் பிடிப்பவள். "உனக்காவது தெரிஞ்சிருக்குமே?"

"அப்ரூவ்டு சாம்பிள்படிதானுங்க மேடம்" என்றாள். முகத்தில் ஒன்றும் இல்லை.

பொறியாளர் நாளை மறுநாள் வருகிறார். பாதுகாப்பைப் பார்க்க வருகிறவர், பாம்பு நுழைகிற அளவுக்கு வரிசையாக ஓட்டை இருக்கும் கட்டடத்தை என்ன செய்வார்? எல்லாவற்றையும் பிளைவுட் வைத்து அடைக்கச் சொன்னேன். சாந்தாமணி ஓர் ஓட்டையின் வளைவை விரலால் தடவினாள். அப்புறம் சொன்னாள், "சரிங்க மேடம்."

5

மறுநாள் மாலைக்குள் அந்தோணி வெளிப்பக்கமாகத் துண்டு வைத்து எல்லா ஓட்டைகளையும் ஸ்க்ரூ முடுக்கி அடைத்துவிட்டார். பள்ளி விடுமுறை ஆதலால் பிள்ளைகள் ஏப்ரலிலிருந்தே பகல் முழுக்க அங்கேதான் இருந்தார்கள். தூத்துக்குடித் தமிழ், இந்தி, எங்கள் ஊர் 'ஏனுங்க' எல்லாம் கலந்து ஒரே இரைச்சல். நிலா அவர்கள் நடுவில் உட்கார்ந்து எதையோ வரைந்துகொண்டிருந்தாள். கைப்பேசி எங்கே என்று நான் கேட்கவில்லை.

ஐந்தரை ஆனதும் இரைச்சல் நின்றது. சின்னதுகள் ஒவ்வொன்றாக எழுந்து ஜன்னல் பக்கம் போயின. ஆளுக்கொரு ஜன்னல் போலிருக்கிறது, சண்டையே இல்லை. போய்க் குனிந்தன. குனிந்த தலைகள் அப்படியே நின்றன. பிறகு ஒரு குழந்தை ஓவென்று அழ ஆரம்பித்தது. அந்தோணியின் மகள் ஜெனிஃபர், நாலு வயது. அதைப் பார்த்து இன்னொன்று. அப்புறம் வரிசையாக.

"அம்மா, இவங்களுக்கு ரோடு தெரியலையாம்" என்று கத்தினாள் நிலா.

சாந்தாமணி கையிலிருந்த சுண்டல் பாத்திரத்தை ணங்கென்று கீழே வைத்தாள்.

"ஏம்புள்ள, உனக்கு மண்டைல ஏதாச்சும் இருக்குதா? போனாப் போகுதுன்னு நானும் வாய மூடிட்டு இருக்கறேன். நீ பாட்டுக்கு ஏரோப்ளேன்ல வந்து எறங்கி அதை அடை, இதை அடைங்கற. ஓட்டை தப்புன்னு எங்களுக்குத் தெரியாதா? ஜன்னல் மாட்டுன அன்னைக்கே அடைக்கத்தான் பாத்தோம். கொழந்தைக உடல. கீழ்க் கதவத் தொறந்து வெச்சா செருப்பு, பென்சிலு, சுண்டலு அல்லாமே ரோட்டுக்குப் போயிருது. மேல் கதவு அதுகளுக்கு எட்டாது. அம்மா வர்ற வழியப் பாக்க அதுகளுக்கு வேற என்ன இருக்குது?"

"இதை நேத்தே சொல்லியிருக்கலாமே!"

"உன்றகிட்ட எப்படிச் சொல்றது? நீதான் ஃபோட்டோ அனுப்பு, அளவு அனுப்புன்னு பையராட்டவே பேசறயே. பையர்கிட்ட எவளாச்சும் கொறை சொல்லுவாளா? நீயே சொல்லு, நீ சொல்லியிருக்கறயா?"

அவள் அந்தோணியின் பெட்டியிலிருந்து திருப்புளியை எடுத்து என் கையில் திணித்தாள்.

"நின்னுட்டு என்ன பாக்கற? போயிக் கழட்டு."

அறைக்குள்ளே இத்தனை அழுகை, ஐந்தரை ஷிப்ட் விட்டு ஆட்கள் வரும் ரோட்டில் நான் மண்டியிட்டு ஸ்க்ரூ கழற்றிக்கொண்டிருக்கிறேன், சேலையெல்லாம் புழுதி. சொன்னால் நம்ப மாட்டீர்கள், எனக்குத் தாங்க முடியாத சந்தோஷம். இருபத்தெட்டு வருடத்துக்குப் பிறகு ஒருத்தி என்னைப் 'புள்ள' என்று திட்டியிருக்கிறாள். முதல் துண்டு கழன்று விழுந்தது. ஓட்டைக்கு அந்தப் பக்கம் ஈரமாக ஒரு கண். என்னைப் பார்த்துக் கொஞ்சமும் மகிழ்ச்சி அடையவில்லை.

"ஆன்ட்டி, தள்ளுங்க. மறைக்கி" என்றது ஜெனிஃபர்.

தள்ளினேன்.

6

மறுநாள் பொறியாளர் வந்தார். சுவரைத் தட்டினார், உத்தரத்தைப் பார்த்தார். ஜன்னலுக்கு வந்ததும் நின்றார்.

"இது என்னங்க எல்லாத்துலயும் ஒரு ஓட்டை?"

நான் வாயைத் திறப்பதற்குள் சாந்தாமணி முந்திக்கொண்டாள். "கொழந்தைகளுக்குங்க சார். பழைய கட்டடத்துல எப்படி இருந்துச்சோ அதே மாதிரிதானுங்க. சாம்பிள் இருக்குதுங்க, கொண்டாரட்டுங்களா?"

அவர் குனிந்து ஓட்டை வழியே பார்த்தார். உள்ளேயிருந்து யாரோ "பே!" என்று கத்த, பின்னால் சாய்ந்து நிலாவின் காலை மிதித்துவிட்டார். நிமிர்ந்து சட்டையைச் சரிசெய்தார். 'பாதுகாப்பாக உள்ளது, பயன்பாட்டில் உள்ளது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். போகும்போது தெருவிலிருந்து ஒருமுறை திரும்பிப் பார்த்தார். ஓட்டைகள், ஜன்னலுக்கு ஒரு கண்ணாக, அவரையே பார்த்துக்கொண்டிருந்தன.

சுவர் நிறத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் தேர்ந்தெடுத்த 'பி' வெயிலில் பார்த்தால் மஞ்சளே இல்லை, நல்ல ஆரஞ்சு. அதையும் ஒரு நூல் மாறாமல் அடித்திருக்கிறார்கள்.

டில்பர்க் திரும்பி ஒரு மாதம் ஆகிறது. திரும்பி வந்த முதல் வாரம் குழுவில் பழையபடி எல்லோரும் கைகூப்பினார்கள். எனக்கு உள்ளுக்குள் பயமாகவே இருந்தது. அன்றைக்குக் கோபத்தில் ஒருமுறை வந்த 'புள்ள', கோபம் தணிந்ததும் போயிருக்குமோ என்று. நிலா மட்டும் தினமும் கேட்கிறாள், ஜெனிஃபரின் படம் வந்ததா என்று. அடுத்த மேயிலும் அங்கேதானா என்று கேட்டாள். கடல் இல்லையே என்றேன். தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டாள்.

இன்று காலை பேருந்துக்கு நிற்கும்போது சாந்தாமணியின் குரல் செய்தி வந்தது.

"புள்ள, நேத்து மழைல ரெண்டு எடத்துல ஒழுகுது. கொழந்தைகள நடுவால உக்கார வெச்சோம். அந்த ஓட்டுக்காரன் ஃபோனையே எடுக்கறதில்ல. உன்றகிட்ட சொல்லாம வேற யார்கிட்ட சொல்றது? என்ன பண்றதுன்னு யோசிச்சுச் சொல்லு. அடுத்த வாட்டி வர்றப்ப பொன்னாடையெல்லாம் கெடையாது, ஓட்டு மேல ஏறத்தான் ஆளு வேணும்."

மூன்று முறை கேட்டேன். பேருந்தை விட்டுவிட்டு வீட்டுக்கே திரும்பி ஓடினேன். என் வீட்டுக்காரர் வாசலில் சைக்கிளை எடுத்துக்கொண்டிருந்தார்.

"என்ன பூங்கொடி, மூஞ்சியெல்லாம் சிரிப்பா இருக்குது? ஊர்ல ஏதாச்சும் நல்ல சேதியா?"

"ஆமாங்க" என்றேன். "கூரை ஒழுகுதாம்."